ஒரு காலுக்கு மட்டும் களிம்பு

எட்டாம் வகுப்பு பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டுக் கஷ்டம்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். நானும் மறுத்ததில்லை. கேட்க மரியாதையாக இருக்கிறது. உண்மைக் காரணம் பயம். கணக்கு வாத்தியார் சாக்பீஸை எடுத்தாலே நான் முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். என்னைக் கூப்பிட்டுவிடுவாரோ என்று பயந்தே ஏழு மாதம் போனது. அவர் ஒரு நாள்கூடக் கூப்பிடவில்லை. இவ்வளவு நாள் கூப்பிடாதவர் நாளைக்குக் கட்டாயம் கூப்பிடுவார் என்று எனக்குத் தோன்றியது. அதோடு நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்கு வந்தேன். கவலைப்படுகிறவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மேகம் கறுத்தால் பாத்தியில் உப்பு கரையுமே என்று கவலை. மேகமே இல்லாவிட்டால் ஊர்க் குழாயில் தண்ணீர் வராதே என்று கவலை. இப்போது பதினான்கு பேருக்கு நான் மேஸ்திரி. மேஸ்திரி என்றால் பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். முதலாளியின் திட்டைப் பதினான்கு பேருக்குப் பங்கு வைக்காமல் மொத்தமாக வாங்கிக்கொள்கிறவன், அவ்வளவுதான்.

உப்பளத்துக்காரரின் காலைப் பார்த்திருக்கிறீர்களா? விடியுமுன் உப்புத் தண்ணீரில் இறங்கினால் வெயில் ஏறும்வரை அதிலேயேதான். ஆண்கள் பலகையால் உப்பை வாரி ஒதுக்குவார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளி, தலையில் வைத்து, வரப்பு வழியாக மேட்டுக்குக் கொண்டுபோவார்கள். குதிகாலில் வெடிப்பு விழும். வெடிப்புக்குள் உப்பு போகும். உப்பு போன வெடிப்பு எப்படி எரியும் என்று எழுத எனக்குப் படிப்பு போதாது. படித்தவர்களுக்கும் போதாது என்றுதான் நினைக்கிறேன்.

என் கால் பொறுக்கமுடியாமல் போன ஒரு சீசனில் ஒரு களிம்பு கிண்டினேன். தேன்மெழுகை உருக்கி, தேங்காயெண்ணெயும் வேப்பெண்ணெயும் விட்டு, மஞ்சளும் கொஞ்சம் கற்பூரமும் போட்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. வீட்டில் இருந்தவை அவ்வளவுதான். முதல் நாள் பூசிக்கொண்டு படுத்தபோது என் மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். பத்து நாள் கழித்து அவளே வந்து, "அந்தக் கருமத்த எனக்கும் கொஞ்சம் குடு" என்று காலை நீட்டினாள். அவளும் அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி. கூடை சுமக்கிறவள். அவளிடமிருந்து மற்ற பெண்களுக்குப் போயிற்று. ஆண்களும் வாங்கினார்கள். நல்லா இருக்குது, நல்லா இருக்குது என்றார்கள்.

இங்கேதான் என் தொல்லை ஆரம்பித்தது. யாராவது நல்லது சொன்னால் எனக்கு நம்பத் தெரியாது. மேஸ்திரி மனம் கோணக்கூடாது என்று சொல்கிறார்களோ? களிம்பு பூச வேண்டும் என்று தினமும் காலைக் கழுவுகிறார்களே, கழுவியதால்தான் ஆறுகிறதோ? இல்லை, தானாக ஆறுகிற கால் தானாகத்தான் ஆறியதோ? ஒரு டப்பா களிம்பை வைத்துக்கொண்டு இத்தனை கேள்வி கேட்டவன் எங்கள் தாலுகாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சென்ற சீசன் ஆரம்பத்தில் பதினான்கு பேரும் சேர்ந்து முதலாளியிடம் பூட்ஸ் கேட்டார்கள். முழங்காலுக்குக் கீழ்வரை வரும் ரப்பர் பூட்ஸ். முதலாளி பைக்கை வரப்பில் நிறுத்தி, தன் ஷூவில் சேறு படாமல் ஒரு கல்லின் மேல் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்பா மேஸ்திரி, உன் களிம்பு அமிர்தமாட்டம் இருக்குதாமே?"

நான் தலையை ஆட்டினேன். பெருமையும் பயமும் ஒன்றாக வந்தால் எனக்கு ஆமாவும் இல்லையும் ஒரே ஆட்டமாகத்தான் வரும்.

"மரக்காணம் கடத்தெருவுல சொன்னாங்கப்பா. அவ்ளோ நல்ல மருந்து கையில வெச்சிக்கினு இவங்களுக்கு பூட்ஸ் எதுக்கு?"

பைக் போன பிறகு பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் வாயாடிப் பெண் ஒருத்தி உண்டு. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே சண்டை போடக்கூடியவள். அவள்தான் தீர்ப்பு சொன்னாள்.

"மேஸ்திரி அண்ணன் பெத்த களிம்பு நம்ம பூட்ஸ முழுங்கிடுச்சுடி."

வீட்டில் மனைவி அதையே வேறு மாதிரி சொன்னாள். "யோவ், உன்ன எவன்யா களிம்பு கிண்டச் சொன்னது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தங்கை பிரம்மதேசத்திலிருந்து வந்தாள். புதுச்சேரியில் ஒரு காலேஜில் புள்ளியியல் பாடம் எடுக்கிறாள். வாரம் முழுக்கப் பிள்ளைகள் அவள் பேச்சைக் கேட்பதில்லை. அதை ஈடுகட்ட ஞாயிறுகளில் எங்களிடம் பேசுவாள். மீன் குழம்பு இரண்டாம் தடவை ஊற்றிக்கொள்ளும்போது கதையைக் கேட்டாள்.

"மாமா, உங்க களிம்பு வேலை செய்யுதா இல்லியா?"

"எல்லாரும் நல்லா இருக்குதுன்றாங்க."

"எல்லாருமேவா? உங்க எதிர்ல வந்து நாத்தம் தாங்கலன்னு எவனாச்சும் சொல்லுவானா? டெஸ்ட் பண்ணணும்."

நான் உடனே ஒரு யோசனை சொன்னேன். ஏழு பேருக்குக் களிம்பு கொடுப்போம், ஏழு பேருக்குக் கொடுக்க வேண்டாம், ஒரு மாதம் கழித்துப் பார்ப்போம். எட்டாம் வகுப்பு பாதிக்கு இது அதிகம் என்று எனக்கே தோன்றியது.

"வேணாம்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள். "ஒருத்தருக்குப் பொறந்ததுலேர்ந்தே கல்லு மாதிரி காலு. இன்னொருத்தருக்குப் பஞ்சு மாதிரி. ஒருத்தர் நாள் பூரா தண்ணில நிக்கறாரு, ஒருத்தர் பீடி பிடிக்க மேட்ல நிக்கறாரு. கல்லுக்காலு பூரா ஒரு பக்கம் சேந்துட்டா? களிம்பால வந்த வித்தியாசமா, காலால வந்த வித்தியாசமான்னு எப்படித் தெரியும்?"

"அப்போ?"

"ஒரே ஆளோட ரெண்டு காலு மாமா. ஒண்ணுக்குப் பூசுங்க, ஒண்ணுக்குப் பூசாதீங்க. வலது கால் எங்க போகுதோ இடது காலும் அங்கதான் போகும். ஒரே தண்ணி, ஒரே உப்பு, ஒரே சோம்பேறி. ஆளுக்கு ஆள் பாக்க வேணாம். அவங்கவங்க ரெண்டு காலுக்கும் நடுவுல எவ்ளோ வித்தியாசம்னு மட்டும் பாத்தா போதும்."

சோற்றைப் பிசைந்தபடி நான் என் இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டேன். நாற்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்தும் அவற்றை எதற்கும் உபயோகமான ஜோடி என்று நான் நினைத்ததில்லை.

"ஆனா ஒண்ணு" என்றாள். "ஆரம்பிக்கும்போது உங்க களிம்பு ஒண்ணும் கிழிக்கலன்னு வெச்சிக்கினுதான் ஆரம்பிக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. "டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடியே தீர்ப்பா?"

"கோர்ட்டுல குத்தம் நிரூபிக்கறவரைக்கும் அவன் ஒண்ணும் செய்யலன்னுதானே வெச்சிப்பாங்க? அது மாதிரி. உங்க களிம்பு ஒண்ணுமே செய்யாத அப்பாவி. அப்படி இல்லன்னு ரெண்டு காலும் சேந்து சாட்சி சொல்லணும். சாட்சி பலமா இருந்தாத்தான் அது ஏதோ செஞ்சிருக்குதுன்னு ஒத்துக்குவோம்."

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இவரு கூட அந்த மாதிரி அப்பாவிதான். கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒண்ணும் செய்யல."

மறுநாள் முதலாளியிடம் பேசியதும் என் மனைவிதான். நான் பக்கத்தில் நின்றதோடு சரி. களிம்பால் பிரயோஜனம் இல்லை என்று டெஸ்டில் வந்தால் பூட்ஸ் வாங்கித் தருவீர்களா என்று பதினான்கு பேர் எதிரில் கேட்டாள். முதலாளிக்கு என் களிம்பின் மேல் என்னைவிட நம்பிக்கை அதிகம். "தாராளமா" என்றார். "பிரயோஜனம் இருக்குதுன்னு வந்தா இந்த சீசன்ல எவனும் பூட்ஸ் பேச்ச எடுக்கக் கூடாது."

ஆக, என் நிலைமை இதுதான். களிம்பு ஜெயித்தால் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு பூட்ஸ் இல்லை. களிம்பு தோற்றால் பூட்ஸ் உண்டு, ஆனால் நான் இத்தனை நாள் ஊரார் காலில் நாற்றத்தைப் பூசியவன் ஆவேன். எது நடந்தாலும் கவலைப்பட எனக்கு இடம் இருந்தது.

எந்தக் காலுக்குப் பூசுவது என்பதைக் காசு சுண்டித்தான் முடிவு செய்ய வேண்டும் என்றாள் மைத்துனி. தலை விழுந்தால் வலது, பூ விழுந்தால் இடது. அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் மோசமான காலையே எல்லோரும் நீட்டுவார்கள் என்பது அவள் கட்சி. ஆறு பேருக்கு வலது, எட்டுப் பேருக்கு இடது என்று விழுந்தது. என் மனைவிக்கு இடது. அவளுக்கு மோசமாக இருந்தது வலது குதிகால்.

"இன்னொரு தபா சுண்டு."

"அதெல்லாம் கூடாது."

"கூடப் பொறந்தவதானே நீ?"

"டெஸ்டுக்குக் கூடப் பொறந்தவ கெடையாது."

ஒவ்வொரு வெடிப்பின் மேலும் நூலை வைத்து அளந்து, நூலை ஸ்கேலில் வைத்துக் குறித்துக்கொண்டாள். ஒரு குதிகாலின் வெடிப்புகள் எல்லாவற்றையும் கூட்டி ஒரே நீளம். எவ்வளவு குறைகிறது என்பதுதான் கணக்கு. வாயாடிப் பெண், "ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கற மாதிரி எடுக்கறியே, கால் எப்போ தைச்சுத் தருவ?" என்றாள்.

அந்த ஒரு மாதம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். வரப்பில் நடக்கும்போது முகங்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். குதிகாலைத்தான் பார்ப்பேன். யார் யார் என்று காலை வைத்தே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். "இன்னா மேஸ்திரி, குனிஞ்ச தலை நிமிராம போற, புதுப்பொண்ணா?" என்று கேலி செய்தார்கள். ஒருத்தியின் வலது குதிகால் ஆறுவது போலத் தெரிந்தால் மனதுக்குள் சந்தோஷம். அடுத்த நிமிஷமே, ஐயோ பூட்ஸ் போச்சே என்று கிலி. என் களிம்பு கொஞ்சம் வேலை செய்து, டெஸ்டில் தெரியாத அளவுக்கு மட்டும் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பிள்ளையாரிடம்கூடக் கேட்டேன். அவருக்கு இப்படி ஒரு வேண்டுதல் புதிதாக இருந்திருக்கும்.

மாதம் முடிந்த ஞாயிறு எங்கள் வீட்டு வாசலில் பதினான்கு பேரும் பெஞ்சில் வரிசையாகக் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். எந்தக் காலுக்குப் பூசியது என்று தெரியாமல் அளந்தால்தான் கை ஒரு பக்கம் சாயாது என்பது மைத்துனியின் சட்டம். லிஸ்டை என்னிடம் கொடுத்துவிட்டாள். ஆனால் என் களிம்பு பூசிய காலை லிஸ்ட் இல்லாமலே பத்தடி தூரத்தில் கண்டுபிடிக்கலாம். எல்லோரையும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னோம். அப்படியும் மணந்தது. கடைசியில் கர்சீப்பில் ஒரு கட்டி கற்பூரத்தைச் சுற்றி மூக்கில் கட்டிக்கொண்டு அளந்தாள். தெருவில் போனவர்கள் யாருக்கு என்ன நோய் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் போன பிறகு லிஸ்டை வாங்கி லேப்டாப்பில் போட்டாள். போட்டுவிட்டு திரையையும் லிஸ்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வாத்தியார் சாக்பீஸை எடுத்த மாதிரி நான் என் மனைவியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"மாமா, உங்க களிம்புக்கு வலது காலுன்னா ரொம்பப் புடிக்குமா?"

"ஏன்?"

"வலது காலுக்குப் பூசின ஆறு பேரப் பாருங்க. பூசின காலுக்கும் பூசாத காலுக்கும் நல்ல வித்தியாசம். இடது காலுக்குப் பூசின எட்டு பேருக்கு வித்தியாசமே இல்ல. மொத்தமா சராசரி எடுத்தா களிம்பு பக்கம் சாயுது. ஆனா வித்தியாசம் ஆளுக்கு ஆள் இவ்ளோ ஆடுது பாருங்க. ஆட்டம் இவ்ளோ இருந்தா, ஒண்ணும் செய்யாத களிம்பு கூட அதிர்ஷ்டத்துல இந்த சராசரியக் காட்டிடும். நாம ஆரம்பத்துல வெச்ச நெனப்பத் தள்ளிவிடற அளவுக்கு சாட்சி பத்தல."

"அப்போ களிம்பு வேலை செய்யலன்னு அர்த்தமா?"

"இல்ல. வேலை செய்யுதுன்னு காட்ட முடியலன்னு அர்த்தம். ரெண்டும் வேற வேற."

"தெரியலன்னு சொல்றதுக்கா ஒரு மாசம்?"

"எங்க டிபார்ட்மென்டுல அதுக்கு வருஷக்கணக்கா எடுத்துக்குவாங்க மாமா."

என் மனைவிக்கு அந்த நுணுக்கமெல்லாம் தேவைப்படவில்லை. பூட்ஸ் வருகிறது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. குஷியாகக் காலைக் கழுவிக்கொண்டு வந்து எங்கள் எதிரிலேயே உட்கார்ந்தாள். டெஸ்ட் முடிந்தாலும் ஒரு மாதப் பழக்கம் விடுமா? டப்பாவைத் திறந்து, இரண்டு விரலால் களிம்பை எடுத்து, வலது குதிகாலில் தேய்த்தாள். பிறகு கொஞ்சம் எடுத்து இடது குதிகாலில் தேய்த்தாள்.

மைத்துனி லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

"அக்கா, உனக்கு இடது காலுதானே விழுந்துது?"

"ஆமா. இடது காலுக்குத்தான் பூசறேன்."

"இப்போ மொதல்ல பூசினது வலது காலு."

"அது பூசறதுல சேராதுடி. ஆரம்பிக்கறதுக்கு."

"எதுக்கு?"

"ஆரம்பிக்கறதுக்கு! ஒரு நல்ல காரியத்த எவளாச்சும் இடது கால்ல ஆரம்பிப்பாளா? மருந்து வேற. வலது காலுக்கு ஒரு பொட்டு வெச்சிட்டு அப்புறம் இடது காலுக்குப் பூசறது."

"ஒரு பொட்டா? ரெண்டு வெரலால அள்ளினியே!"

"பிசினாறித்தனமா வெச்சா அது சாங்கியமா?"

நான் லிஸ்டை எடுத்துப் பிரித்தேன். "நீ மட்டுமா, இல்ல..."

"எட்டு பேருந்தான். பின்ன? வலது காலு விழுந்தவங்களுக்குப் பிரச்சினையே இல்ல, நேராப் பூசிட்டாங்க. நாங்க எட்டு பேரும் கூடிப் பேசித்தான் செஞ்சோம். டெஸ்டு கெட்டுடக் கூடாதுன்னு எல்லாரும் ஒரே மாதிரி செய்யணும்னு வேற முடிவு பண்ணோம்."

மைத்துனி தலையில் கை வைத்தாள். என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ காலேஜுல வேலைக்கு சேந்த அன்னிக்கி எந்தக் கால வெச்சி உள்ள போன? சொல்லு."

மைத்துனி லேப்டாப்பைப் பைக்குள் போட்டாள். அதை அவள் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பிரம்மதேசத்துப் பெண் எந்தக் காலை வைத்திருப்பாள்?

புரிந்துவிட்டது. எட்டுப் பேருக்கும் இரண்டு காலும் ஆறியிருந்தன, அதனால்தான் வித்தியாசம் தெரியவில்லை. ஆறு பேருக்குப் பூசிய கால் மட்டும் ஆறியிருந்தது. அந்த ஆறு பேரை மட்டும் எடுத்துக் கணக்குப் போடலாமே என்றேன். பார்த்த பிறகு பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுப்பது திருட்டு என்று என் மைத்துனி சொன்னாள். ஆனால் எழுந்து போகும்போது, "உங்க களிம்பு வேலை செய்யுதுன்னுதான் மாமா எனக்கும் தோணுது" என்று முணுமுணுத்தாள்.

என் களிம்பு நல்ல களிம்புதான் என்று வாழ்க்கையில் முதல்முறையாக நான் நம்பின நாள் அது. அடுத்த நாள் காலையில் அது உருப்படாத களிம்பு என்று நானே முதலாளியிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் பதினான்கு பேருக்கு பூட்ஸ்.

"தெரியலன்னு சொல்லு" என்றாள் மனைவி. "அது பொய்யும் இல்ல, உங்கொழுந்தியாளே சொன்னா. அதுக்கு மேல வாயத் தொறந்த, நடக்கறதே வேற."

திங்கட்கிழமை முதலாளி வந்து அதே கல்லின் மேல் ஏறி நின்றார். "இன்னாப்பா, டெஸ்ட் ரிசல்ட்டு?"

நான் தெரியலைங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. ஆனால் கவலைக்காரன் வாயில் அரை உண்மை நிற்காது. இன்றைக்கு மறைத்து நாளைக்குத் தெரிந்தால்? எட்டுப் பேரில் ஒருத்தி உளறிவிட்டால்? முதலாளி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டால்? இப்படி ஓடிய ஓட்டத்தில் வலது கால், இடது கால், பொட்டு, சாங்கியம், கற்பூரம், கர்சீப் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

முதலாளி சிரித்த சிரிப்பில் கல்லிலிருந்து சறுக்கி ஒரு ஷூ பாத்திக்குள் போய்விட்டது. வலது ஷூ. அவருக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. "அப்போ களிம்பு வேலை செய்யுது! பூட்ஸு கேன்சல்!"

"மேஸ்திரி அண்ணா" என்றாள் வாயாடிப் பெண், மிகவும் நிதானமாக. "உன் வாயில உப்ப அள்ளிக் கொட்ட."

மற்றவர்கள் சொன்னதை எழுத முடியாது. எழுதினால் இதைப் புத்தகமாகப் போட மாட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வழக்கம்போலக் குதிகால்களைப் பார்த்தேன். ஆறு இடது குதிகால்கள் மட்டும் பிளந்து கிடந்தன. சாங்கியம் பார்க்க வேண்டிய தேவை இல்லாமல் சட்டப்படி நடந்த ஆறு பேர். ஒரு மாதமாக மருந்தை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு காலை எரியவிட்டவர்கள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

அப்போது என் மனைவி கூடையை இறக்கி வைத்தாள்.

"மொதலாளி, ஒரு சந்தேகம். களிம்பு பூசாத காலவிட பூசின காலு மேலு. அவ்ளோதானே தெரிஞ்சுது?"

"ஆமா."

"பூட்ஸ் போட்ட காலவிட மேலா? அத யாரு பாத்தா?"

முதலாளி ஷூவை உதறுவதை நிறுத்தினார்.

"இன்னொரு டெஸ்டு வெப்போம். ஒரு கால்ல களிம்பு, இன்னொரு கால்ல பூட்ஸு. களிம்பு ஜெயிச்சா நாங்க பூட்ஸ் பேச்சே எடுக்க மாட்டோம். இந்த சீசன் மட்டும் இல்ல, எப்பவுமே. இன்னா மொதலாளி, உங்க மேஸ்திரி களிம்பு மேல நம்பிக்கை இல்லியா?"

பதினான்கு பேரும் அவரையே பார்த்தார்கள். இப்போதுதான் என் களிம்பை அவர் வாயாரப் புகழ்ந்திருந்தார். பின்வாங்க வழியில்லை. ஆனால் மனுஷன் வியாபாரி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆளுக்கு ஒரு பூட்ஸுதானே? அப்போ ஏழு ஜோடி போதும். ஏழு பேருக்கு வலது, ஏழு பேருக்கு இடது" என்றார். எனக்கே அந்தக் கணக்கு அழகாகத்தான் பட்டது.

போனில் மைத்துனியைக் கேட்டோம். பாடம் நடத்திக்கொண்டிருந்தாளாம், வெளியே வந்து பேசினாள். காசுதான் முடிவு செய்யும், ஏழு ஏழாக விழும் என்று யார் சொன்னது என்றாள். அதோடு, பாதி மாதம் போனதும் எல்லோரும் காலை மாற்றிக்கொள்ள வேண்டும், பூட்ஸ் காலுக்குக் களிம்பு, களிம்புக் காலுக்கு பூட்ஸ் என்றாள். "அப்போதான் ஒரு காலே எரிஞ்சிக்கினு கெடக்காது மாமா. போன தபா அத நான் யோசிச்சிருக்கணும்" என்றபோது அவள் குரல் இறங்கியிருந்தது. ஆக, ஒவ்வொருவருக்கும் வலதும் வேண்டும், இடதும் வேண்டும்.

முதலாளி விடவில்லை. என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு மரக்காணம் கடைத்தெருவுக்குப் போனார். செருப்புக்கடை பாயிடம், இப்போதைக்கு ஒத்தை பூட்ஸாகப் பதினான்கு கிடைக்குமா, மீதியைத் தேவைப்பட்டால் அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டார். பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் இருவரின் கால்களையும் ஒருமுறை பார்த்தார்.

"ஒத்தயா வித்துட்டு, மீதிய நான் யார் தலையில கட்டறது வாப்பா?"

பதினான்கு ஜோடி பூட்ஸ் சாக்கு மூட்டையில் வந்து இறங்கியது அப்படித்தான்.

டெஸ்ட் எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். முதல் நாள் பதினான்கு பேரும் ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் களிம்புமாக இறங்கினார்கள். பூட்ஸ் கால் உயரம், வெறுங்கால் பள்ளம். தலையில் கூடையோடு வரப்பில் அவர்கள் போனதைப் பார்த்தால் கடலில் படகுகள் ஆடிக்கொண்டு போவது போல இருந்தது. காலை டிபனுக்கு முன்பே என் மனைவி ஒரு கூடை உப்போடு வரப்பிலிருந்து சரிந்தாள். அடி படவில்லை. வாயாடிப் பெண் அவளைத் தூக்கிவிட்டு, நேராகக் கொட்டகைக்குப் போய், தன்னுடைய இன்னொரு பூட்ஸையும் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"நான் டெஸ்ட்லேர்ந்து ராஜினாமா."

மூன்றாம் நாள் பதினான்கு பேரும் ராஜினாமா. எல்லோர் காலிலும் இரண்டு பூட்ஸ். உள்ளே இரண்டு காலிலும் களிம்பு. முதலாளி வந்து பார்த்தபோது நான் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் கேட்டதும் என் மனைவி சொன்னதும் காதில் விழுந்தது.

"இன்னாம்மா இது, ரெண்டு கால்லயும் பூட்ஸு?"

"ஒண்ணு டெஸ்டு மொதலாளி. இன்னொண்ணு அதுக்குத் துணை."

பிறகு முதலாளியின் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. பாய் கடையில் உப்புத் தண்ணீர் பட்ட பூட்ஸைத் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனி போன் செய்தாள். "மாமா, ஒத்த கால் பூட்ஸோட எத்தினி பேர் இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா."

"காலு எப்படி இருக்குது?"

"எல்லாருக்கும் நல்லா ஆறுது. அந்த ஆறு பேருக்கும் ஆறிக்கினு வருது."

"எதனாலன்னு?"

"தெரியல."

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் போனை வைத்ததும் எனக்குப் புதிதாக ஒன்று உறுத்த ஆரம்பித்தது. களிம்பில் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிப்போகும் என்று சைக்கிள் கடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் களிம்பு ஒருமுறை பூட்ஸை முழுங்கியது போதாதென்று, இப்போது உள்ளிருந்தே அரித்துத் தின்றுவிட்டால்?

அந்தப் பதினான்கு ஜோடிக்கு மேல் முதலாளி எனக்கும் ஒரு ஜோடி வாங்கியிருந்தார், மேஸ்திரி என்ற மரியாதைக்கு. அதை எடுத்து வாசலில் வைத்தேன். ஒன்றுக்கு உள்ளே தினமும் களிம்பு பூசுவது, ஒன்றை அப்படியே விடுவது. இரண்டும் ஒரே தண்ணீர், ஒரே வெயில், ஒரே கவலைக்காரன் கால். நான் வெறுங்காலில் களிம்பு பூசாமல் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். காசைச் சுண்டினேன். பூ விழுந்தது. இடது.

இரண்டு விரலால் களிம்பை எடுத்தேன். எடுத்த கை வலது பூட்ஸ் பக்கம் போய் நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தேன், யாரும் இல்லை. பிறகு எழுந்து, வலது பூட்ஸைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்துதான் இடதுக்குப் பூசினேன்.